அணுகுதற்கு எளிமையும் நல்லுறவும்: தோட்டப் பின்புலத்தில் ஒரு விளக்கம்

முன்னுரை

வணிகத்திலும் வாழ்விலும் நல்லுறவை வளர்ப்பது குறித்துப் பேசும் நூல்கள் பலவும் புன்முறுவல், இன்சொல், பிறர் பெயரை நினைவில் வைத்தல் ஆகியவற்றை முதன்மைப்படுத்துகின்றன. இவை வேண்டியனவே. எனினும், ஒருவர் அணுகுதற்கு எளியவரா என்பதை அவருடைய முகமலர்ச்சி ஒன்றைக்கொண்டு முடிவுசெய்ய இயலாது. அவரைச் சார்ந்து வாழ்பவர், தமக்கு இழப்பு நேருமோ என்ற அச்சமின்றி அவரிடம் கணக்குக் கேட்கவும் மறுத்துரைக்கவும் இயலுமா என்பதே உரிய அளவுகோலாகும். இக்கருத்தைப் பேராக் மாநிலத்தின் பாகான் டத்தோ போன்ற தோட்டப் பகுதிகளின் வாழ்வியலைக் கொண்டு விளக்க இக்கட்டுரை முற்படுகின்றது.

வள்ளுவர் வகுத்த இடம்

இன்சொல்லுக்கு இல்லறவியலில் 'இனியவைகூறல்' என்னும் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர், காண்பதற்கு எளியவராய் இருத்தலைப் பொருட்பாலில் 'இறைமாட்சி' அதிகாரத்தில் வைத்துள்ளார். 386ஆம் குறள், காண எளியவனாகவும் கடுஞ்சொல் கூறாதவனாகவும் வேந்தன் இருக்க வேண்டும் என்கின்றது. அதே அதிகாரத்தின் 389ஆம் குறள், செவிக்குக் கசக்கும் சொற்களையும் பொறுத்துக்கொள்ளும் பண்பை அவனிடம் எதிர்பார்க்கின்றது. இவ்விரண்டையும் இணைத்து நோக்கினால், எளிமை என்பது அதிகாரம் உடையவரின் கடமை என்பதும், கசப்பான சொல்லைக் கேட்கும் பொறுமையின்றி அது நிறைவுறாது என்பதும் தெளிவாகின்றன.

துரையும் கங்காணியும்

பேராக் ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய பாகான் டத்தோ வட்டாரம் தென்னைக்குப் பெயர்பெற்றது. இரப்பர், தென்னை, பின்னர்ச் செம்பனை எனத் தோட்டத் தொழில் இங்கு வளர்ந்தது. டென்மார்க் நாட்டவரான ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் 1906ஆம் ஆண்டு தொடங்கிய ஜெண்டராட்டா தோட்டமும் இவ்வட்டாரத்தைச் சார்ந்ததே.

அக்காலத் தோட்டங்களில் துரை, கிராணி, கங்காணி, தொழிலாளி என்னும் படிநிலை இறுக்கமாக இருந்தது. ஐரோப்பிய மேலாளர்கள் தமிழ் கற்கவே செய்தனர். ஆனால், அவர்களுக்கென எழுதப்பட்ட 'கூலித் தமிழ்'க் கையேடுகள் வேலை வாங்குதற்கான ஏவல் தொடர்களுக்கே முதன்மை தந்தன. தொழிலாளியின் மொழியைப் பேசுவது வேறு, தொழிலாளி பேசுவதற்கு இடந்தருவது வேறு என்பதற்கு இக்கையேடுகள் சான்றாகின்றன.

துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே நின்றவர் கங்காணி. அவர் பெரும்பாலும் தம் ஊராரையும் உறவினரையும் திரட்டி வந்தவர். மாமன், சித்தப்பன் என்று உரிமையோடு அழைக்கத்தக்கவர். வெளித்தோற்றத்தில் அவரைவிட அணுகுதற்கு எளியவர் தோட்டத்தில் இல்லை. ஆயினும், தம் ஆட்கள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு பெற்றவரும் அவரே. ஆகவே, தொழிலாளி தோட்டத்தை விட்டு நீங்குவது அவருடைய வருவாய்க்கு இழப்பாயிற்று. இந்திய அரசு 1938ஆம் ஆண்டு தொழிலாளர் குடியேற்றத்திற்குத் தடை விதித்ததும் கங்காணிவழி ஆள்சேர்ப்பு முடிவுற்றது. கங்காணிகள் அனைவரும் கொடியவர்கள் என்பது இதன் பொருளன்று. ஆனால், உறவின் நெருக்கமே தொழிலாளியின் வாயை அடைக்கும் கருவியாகவும் அமையக்கூடும் என்பதை இம்முறை காட்டுகின்றது.

கடையும் '555' புத்தகமும்

வணிக உறவுக்குத் தோட்டத்து மளிகைக் கடை தக்க எடுத்துக்காட்டாகும். சம்பள நாள் வரை அரிசி, பருப்பு, மீன் டின் எனக் கடனாகப் பெறுவதும், அக்கடனை '555' என்னும் சிறு புத்தகத்தில் குறிப்பதும் மலேசியத் தோட்டப்புறங்களில் பரவலாக இருந்த வழக்கமாகும். எழுத்துவடிவ ஒப்பந்தமோ பிணையோ இன்றி இவ்வணிகம் நடைபெற்றதற்கு நம்பிக்கையே அடிப்படை.

இங்கும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. கடைக்காரரிடம் மட்டும் புத்தகம் இருக்குமாயின், வாடிக்கையாளர் அவருடைய நற்குணத்தை நம்பியே வாழ வேண்டும். வாடிக்கையாளரிடமும் ஒரு படி இருந்து, எழுதப்பட்டதை அவரோ பள்ளி செல்லும் அவர்தம் பிள்ளையோ படித்துச் சரிபார்க்க இயலுமாயின், ஐயம் தோன்றும்போதே கேட்டுத் தெளியலாம். அவ்வாறு கேட்டதற்காகக் கடைக்காரர் அடுத்த மாதக் கடனை நிறுத்தாதபோது உறவு உறுதிப்படுகின்றது. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வாணிகம் என 120ஆம் குறள் உணர்த்துவதும் இந்நடுவுநிலைமையையே.

கூட்டுறவு காட்டிய வழி

1950களின் பிற்பகுதியிலிருந்து ஐரோப்பியர் தம் தோட்டங்களை விற்றபோது, அவை துண்டாடப்பட்டுத் தொழிலாளர் பலர் வேலையும் இருப்பிடமும் இழந்தனர். இந்நிலையில், பேராக் சுங்கை சிப்புட்டில் பிறந்தவரும் அப்போது அமைச்சராக இருந்தவருமான துன் வீ. தி. சம்பந்தன், 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்ற வழிவகுத்தார். அவர் தோட்டந்தோறும் சென்று தொழிலாளரை நேரில் சந்தித்து, 100 வெள்ளிப் பங்கினை மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தலாம் என விளக்கினார். 1961ஆம் ஆண்டு கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் முதல் தோட்டமாக வாங்கப்பட்டது.

ஓர் அமைச்சர் பால்மரம் வெட்டுவோரைத் தேடிச் சென்றது எளிமையே. ஆனால், அவ்வெளிமையினும் நிலைபெற்றது அவர் விட்டுச்சென்ற அமைப்பாகும். கூட்டுறவு நெறிப்படி, உறுப்பினர் பங்குடைமையின் வாயிலாகக் கணக்கைக் கேட்கும் உரிமை பெறுகின்றார். 1979ஆம் ஆண்டு அவர் மறைந்த பின்னரும் சங்கம் தொடர்ந்து இயங்கி வருவது, நல்லுறவு தனிமனிதப் பண்பாக மட்டும் நில்லாமல் அமைப்பாகவும் மாற வேண்டும் என்பதை உணர்த்துகின்றது.

ஆசிரியர்க்கு உரியது

தோட்டப்புறக் குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவரும் இக்காலத்தில், ஒவ்வொரு மாணவரின் சேர்க்கையும் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிக்கு இன்றியமையாதது. ஆசிரியரைக் கண்டால் எழுந்து நின்று, "சரிங்க சார்" என்று மட்டும் கூறிச் செல்லும் பெற்றோரை நாம் மரியாதை உடையவர் என்று கருதி மகிழ்கின்றோம். அவர் கேட்க வந்ததைக் கேளாமலே திரும்பியிருக்கவும் கூடும். பிள்ளையின் வாசிப்பு ஏன் பின்தங்கியுள்ளது, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பணம் எவ்வாறு செலவாயிற்று என்னும் வினாக்களை அவர் தயக்கமின்றி எழுப்ப இயலவேண்டும். அதற்குச் சங்கக் கணக்கை எளிய தமிழில் அறிவிப்புப் பலகையில் இடுதலும், வேலை முறைமாற்றத்திற்கு ஏற்பச் சந்திப்பு நேரத்தை அமைத்தலும், குறை கூறியவரின் பிள்ளையிடம் வேறுபாடு காட்டாமையும் துணைசெய்யும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால், அணுகுதற்கு எளிமை என்பது இன்சொல்லில் தொடங்கி, செவிமடுத்தலில் வளர்ந்து, கணக்குக் காட்டுதலில் நிறைவுறுவது என்பது பெறப்படும். கங்காணியிடம் உறவு இருந்தது, கேட்கும் உரிமை இல்லை. கூட்டுறவில் அவ்வுரிமை உறவோடு இணைந்தது. வணிகராயினும் ஆசிரியராயினும், தம்மிடம் வருபவர் எத்துணை வினாக்களை அச்சமின்றி எழுப்புகின்றார் என்பதைக் கொண்டே தம் எளிமையை மதிப்பிட்டுக்கொள்ளுதல் தகும்.