ராணியை நம்பினேன்... டீம்ல இடம் போச்சு!

ராத்திரி 12 மணி. ஹாஸ்டல் ரூமில் மூணு நிமிஷ செஸ். எனக்குக் கறுப்புக் காய். எதிராளி டி4 ஆடினாலே ஐயா குஷியாகிடுவேன். இ5-ல் ஒரு சிப்பாயை ஓசியில் நீட்டிடுவேன்!

இதுக்குப் பேர் எங்லண்ட் கேம்பிட். ஸ்வீடனைச் சேர்ந்த ஃப்ரிட்ஸ் எங்லண்ட் என்பவர் 1932-ல் இதற்காகவே ஒரு போட்டியை ஸ்பான்சர் பண்ணினார்.

மேட்டர் ரொம்ப சிம்பிள். வெள்ளை சிப்பாயை வெட்டும். குதிரை சி6. பதிலுக்கு வெள்ளைக் குதிரை எஃப்3. உடனே என் ராணி இ7! சிப்பாயைக் காப்பாத்த பிஷப் எஃப்4-க்கு வந்தால், ராணி பி4-ல் செக். பிஷப் டி2-க்குத் திரும்ப, ராணி பி2 சிப்பாயை லபக்! பதறிப்போய் பிஷப்பை சி3-ல் வெச்சு ராணியை மிரட்டினால்... காலி! என் பிஷப் பி4-க்கு வரும். அவங்க பிஷப் நகர்ந்தா ராஜாவுக்கு செக். அதனால ராணியைத் தொடவே முடியாது. வெள்ளை ராணி டி2-க்கு வந்தால், சி3-ல் வெட்டு, பதில் வெட்டு, அடுத்து சி1-ல் என் ராணி... மேட்! எட்டே மூவ்!

அந்தத் தைரியத்தில் காலேஜ் டீம் செலக்‌ஷனிலும் இதையே ஆடினேன். எதிரே ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு. பிஷப்பைத் தொடவே இல்லை. கூலா குதிரையை சி3-ல் வெச்சாங்க. அடுத்து யானை பி1-க்கு வந்து ராணியைத் துரத்துச்சு. என் ராணி ஓட ஓட, அவங்க காய்கள் வரிசையா வெளியே வந்துச்சு. என் காய்கள் வீட்டிலேயே தூக்கம். தோல்வி!

"இந்தப் பொறி எனக்குத் தெரியும்ணா..." என்றார் சிரித்தபடி. டீமில் அவங்க, கேலரியில் நான்.

மூணு நிமிஷத்தில் எதிராளிக்கு யோசிக்க நேரமில்லை. அதுதான் இந்த கேம்பிட்டோட பலம். நேரம் கொடுத்தா சாயம் வெளுத்துடும். ஹாஸ்டலில் இன்னமும் ஆடுறேன். செலக்‌ஷன்னா... டி5-தான் பாஸ்!