பத்திரிகைச் சுதந்திரமும் உங்கட தஞ்சக் கோரிக்கையும்

ஒவ்வொரு வருடமும் மே மாதம் 3ஆம் திகதி உலக பத்திரிகைச் சுதந்திர தினம். 1991இல் நமீபியாவின் வின்ட்ஹூக் நகரில் ஆபிரிக்கப் பத்திரிகையாளர்கள் கூடி ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். அதை நினைவுகூர்ந்து ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1993இல் இந்த நாளை அறிவித்தது. "விசாவும் இல்லை, வேலை செய்யவும் அனுமதியில்லை, எங்களுக்கேன் பத்திரிகைச் சுதந்திரம்?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் உங்கட கோரிக்கையை ஹோம் ஒபிஸ் எப்படிப் பார்க்கிறது என்று விளங்கிக்கொண்டால், எங்கேயோ ஒரு ஊரிலை ஒரு நிருபர் எழுதியதோ, எழுத முடியாமல் போனதோ உங்களுடைய முடிவில் வந்து நிற்கிறது என்பது தெரியும்.

பிரித்தானியாவில் ஒரு தஞ்சக் கோரிக்கையைத் தீர்மானிக்கும்போது அதிகாரி முக்கியமாக இரண்டைப் பார்க்கிறார். ஒன்று, நீங்கள் நேர்காணலிலும் வாக்குமூலத்திலும் சொல்லுகின்ற உங்களுடைய கதை. மற்றது, உங்கள் நாட்டைப் பற்றி ஏற்கெனவே வெளிவந்துள்ள தகவல். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். அந்த நாட்டுத் தகவல் எங்கிருந்து வருகிறது? ஹோம் ஒபிஸ் தானே தொகுக்கும் அறிக்கைகள், ஐ.நா. அறிக்கைகள், சர்வதேச மன்னிப்புச் சபை போன்ற மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகள். இவற்றின் அடிக்குறிப்புகளைத் தட்டிப் பாருங்கள். பல ஏதோ ஒரு பத்திரிகைச் செய்தியில் போய் முடியும். அந்தச் செய்தியின் தொடக்கத்தில் பெரும்பாலும் மாதச் சம்பளம்கூட ஒழுங்காகக் கிடைக்காத ஒரு பிரதேச நிருபர்தான் இருப்பார்.

திருகோணமலையில் நடந்ததை எடுங்கள். 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். தாங்கள் கொண்டுவந்த கைக்குண்டு வெடித்துத்தான் அவர்கள் செத்தார்கள் என்று படைத்தரப்பு சொன்னது. 'சுடர் ஒளி' பத்திரிகையின் நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் சவச்சாலைக்குப் போய் உடல்களைப் படம் எடுத்தார். அந்தப் படங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெளிவாகத் தெரிந்தன. படங்கள் பத்திரிகையில் வந்த பிறகு கைக்குண்டுக் கதை நிற்கவில்லை. அதே மாதம் 24ஆம் திகதி காலை, வேலைக்குப் புறப்பட்ட சுகிர்தராஜனைச் சுட்டுக் கொன்றார்கள். மாணவர்களின் கொலை தொடர்பாகக் குற்றம் சாட்டப்பட்டிருந்த விசேட அதிரடிப்படையினர் 13 பேரும் 2019 ஜூலையில் போதிய சாட்சி இல்லையென்று விடுவிக்கப்பட்டார்கள். நீதிமன்றத்தில் நீதி கிடைக்கவில்லை. என்றாலும் அந்தப் பிள்ளைகள் எப்படிச் செத்தார்கள் என்பதை இன்று ஒருவரும் மறுக்க முடியாமல் இருப்பதற்கு அந்தப் படங்களும் ஒரு காரணம். அந்தக் காலத்தில் திருகோணமலையிலிருந்து வந்த ஒருவர் இங்கே "படையினருக்குப் பயந்து வந்தேன்" என்று சொன்னபோது, அவருடைய சட்டத்தரணி மேசையில் எடுத்து வைக்கக்கூடிய ஆதாரம் அப்படித்தான் உண்டானது.

இது தனியொரு சம்பவம் இல்லை. பிபிசி தமிழ், சிங்களச் சேவைகளுக்குச் செய்தி கொடுத்த மயில்வாகனம் நிமலராஜன், யாழ்ப்பாணத்தில் தேர்தல் மோசடிகளைப் பற்றி எழுதிய பிறகு, 2000 ஒக்டோபர் 19ஆம் திகதி இரவு, ஊரடங்கு நேரத்தில், தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஊரடங்கு நேரத்தில் ஆயுதத்தோடு திரியக்கூடியவர்கள் யார் என்று யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தமிழ்நெற் ஆசிரியர் 'தராகி' சிவராம் 2005 ஏப்ரல் 28இல் கொழும்பில் கடத்தப்பட்டு அடுத்த நாள் பிணமாகக் கிடந்தார். 2006 மே மாதம் பத்திரிகைச் சுதந்திர தினத்துக்காக யுனெஸ்கோ நடத்திய மகாநாடு கொழும்பில் நடந்துகொண்டிருந்த நேரம், மே 2ஆம் திகதி, யாழ்ப்பாணத்தில் 'உதயன்' அலுவலகத்துக்குள் ஆயுததாரிகள் புகுந்து இரண்டு ஊழியர்களைக் கொன்றார்கள். சிங்களப் பத்திரிகையாளர்களும் தப்பவில்லை. 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8இல் கொல்லப்பட்டார். கேலிச்சித்திரம் வரைந்த பிரகீத் எக்னெலிகொட 2010 ஜனவரி 24இல் காணாமல் போனார். இப்படி ஜனவரியிலேயே பல நடந்ததால் இலங்கைப் பத்திரிகையாளர்கள் அந்த மாதத்தைக் 'கறுப்பு ஜனவரி' என்று சொல்கிறார்கள்.

ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் இருந்தவர்களுக்குத் தெரியும், அங்கே இயக்கத்தை விமர்சித்து ஒரு பத்திரிகை வர இடமிருக்கவில்லை. மாற்று இயக்கங்களின் பத்திரிகைகளில் எழுதியவர்களும் கொல்லப்பட்டார்கள். உங்களுடைய பயம் அந்தப் பக்கத்தால் வந்தது என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கோ. இங்கே அதிகாரி கேட்பது நீங்கள் எந்தப் பக்கம் என்பதை அல்ல, உங்களுக்கு என்ன நடந்தது, திரும்பிப் போனால் என்ன நடக்கும் என்பதை.

சுடுவது மட்டும் வழியில்லை, சட்டமும் ஒரு வழி. ஜே. எஸ். திசநாயகம் ஒரு சிறிய ஆங்கில மாத இதழில் 2006இல் எழுதிய கட்டுரைகளுக்காக 2008 மார்ச்சில் கைதானார். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 2009 ஓகஸ்ட் 31இல் அவருக்கு 20 வருடக் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. உலகம் முழுக்கக் கண்டனம் எழுந்த பிறகு 2010இல் பிணையில் வந்து, பின்னர் பொதுமன்னிப்புப் பெற்றார். பேஸ்புக், யூரியூப் காலத்தில் 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் என்று இன்னொன்றும் நிறைவேறியது. இதெல்லாம் சேர்ந்தால் எழுதுகிறவர் தானாகவே பேனையை மூடி வைத்துவிடுவார்.

இந்த மௌனம்தான் உங்களுக்கு நேரடியாக வந்து முட்டுகிறது. "இப்படி ஒரு சம்பவம் நடந்ததாக எந்தப் பத்திரிகையிலும் இல்லையே" என்று நேர்காணலிலோ நிராகரிப்புக் கடிதத்திலோ வரும். பயப்பட வேண்டாம். பத்திரிகையில் வராத காரணத்தால் ஒரு விடயம் நடக்கவில்லை என்று ஆகிவிடாது. ஆனால் ஏன் வரவில்லை என்பதை நீங்கள்தான் விளங்கப்படுத்த வேண்டும். உதாரணமாக, 2008 செப்டெம்பரில் அரசு சொல்லி ஐ.நா. ஊழியர்களும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேறினார்கள். சுயாதீனப் பத்திரிகையாளர்களை உள்ளே விடவில்லை. பிறகு அங்கே நடந்ததற்கு அன்றைய பத்திரிகைத் துண்டு கேட்டால் எங்கே போவது? அதே மாதிரி, வீட்டுக்கு வந்து ஆளைக் கொண்டுபோனதைக் குடும்பம் பயத்தில் ஒருவருக்கும் சொல்லாமல் விட்டிருக்கலாம். அதை அப்படியே வாக்குமூலத்தில் எழுதச் சொல்லுங்கோ. "பத்திரிகைக்குச் சொல்லவில்லை, ஏனென்றால் முதல் தரம் சொன்ன அயலவருக்கு இன்னது நடந்தது" என்ற ஒரு வசனம், வெறுமனே "இல்லை" என்று சொல்வதை விடப் பெரிய வித்தியாசம் செய்யும்.

பத்திரிகைத் துண்டு இருக்கிறவர்களுக்கு இனிச் சில விடயம். பலர் செய்தியை மட்டும் கத்தரிக்கோலால் அழகாக வெட்டி, பிளாஸ்ரிக் உறையில் போட்டுக் கொண்டு வருகிறார்கள். திகதி இல்லை, பத்திரிகையின் பெயர் இல்லை. அது வெறும் கடதாசி. முழுப் பக்கத்தையும் அனுப்பச் சொல்லுங்கோ, ஏலுமென்றால் முழுப் பத்திரிகையையும். ஊரிலிருந்து தபாலில் வந்தால் அந்தக் கடித உறையை எறிய வேண்டாம், முத்திரையும் திகதியும் அதிலேதான் இருக்கிறது. யார் அனுப்பினது, அவரிடம் எப்படிக் கிடைத்தது என்பதையும் எழுதி வையுங்கோ. மொழிபெயர்ப்புக்கு உறவினரிடம் போக வேண்டாம், தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரின் பெயரும் கையொப்பமும் வேண்டும். சட்ட உதவி இருந்தால் அதைச் சட்டத்தரணி ஒழுங்கு செய்வார். பழைய பிரதி தேடுகிறவர்கள் நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தைப் பாருங்கள். ஈழத்துப் பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் ஏராளமாக அங்கே பக்கம் பக்கமாகப் படம் பிடித்துப் போடப்பட்டிருக்கின்றன. காசில்லை.

அந்தச் செய்தியில் உங்கட பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உங்கட ஊரில் அந்தக் கிழமை சுற்றிவளைப்பு நடந்தது என்று ஒரு மூலையில் நாலு வரி இருந்தாலே அது உங்கள் கதைக்கு ஒரு முட்டு. ஆனால் பத்திரிகையில் வாசித்ததை உங்கள் சொந்த அனுபவத்தோடு கலக்க வேண்டாம். செய்தியில் ஆறு பேர் என்று இருக்கும், நீங்கள் கண்டது மூன்று பேராக இருக்கும். மூன்று என்றே சொல்லுங்கோ. பாடமாக்கி ஒப்புவிக்கிற பிள்ளையையும் விளங்கிச் சொல்லுகிற பிள்ளையையும் ஒரு வாத்தியார் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். நேர்காணல் செய்கிற அதிகாரியும் அப்படித்தான்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பான விடயம். காசு கொடுத்தால் "உங்களைப் பொலிஸ் தேடுகிறது" என்று பத்திரிகையில் செய்தி போட்டுத் தருகிறோம் என்று சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். தயவு செய்து அந்தப் பக்கம் போக வேண்டாம். ஒரு ஆவணத்தைத் தனியாக எடுத்து உண்மையா பொய்யா என்று இங்கே பார்ப்பதில்லை. மற்ற எல்லா ஆதாரங்களோடும் சேர்த்துத்தான் அதை எவ்வளவு நம்பலாம் என்று பார்க்கிறார்கள். 2002இல் தன்வீர் அகமட் என்ற வழக்கில் சொல்லப்பட்டது இது. நம்ப வைக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது. ஒரு துண்டு பொய் என்று தெரிந்தால், உண்மையாகவே நீங்கள் பட்ட அடியும் சேர்த்துச் சந்தேகத்துக்குள்ளாகும். உயிரைக் கொடுத்துச் செய்தி போட்ட பத்திரிகையின் பெயரும் அதோடு கெடும், நாளைக்கு உண்மையான துண்டோடு வருகிற இன்னொருவரையும் நம்பமாட்டார்கள்.

இங்குள்ள பத்திரிகையாளர் யாராவது உங்களோடு கதைக்கக் கேட்டால்? கதைக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 10ஆம் உறுப்புரை கருத்துச் சுதந்திரத்தைக் குடியுரிமை உள்ளவருக்கு மட்டும் தரவில்லை, 'ஒவ்வொருவருக்கும்' தருகிறது. கதைக்காமல் விடவும் உரிமை உண்டு. முதலில் சட்டத்தரணியிடம் கேளுங்கோ. பெயர், படம், ஊர் வேண்டாம் என்றால் பேட்டி தொடங்குவதற்கு முன் சொல்ல வேண்டும், முடிந்த பிறகு அல்ல. இங்கே இணையத்தில் வருவது அடுத்த நிமிடம் ஊரிலையும் வாசிக்கப்படும், அங்கே உங்கட ஆட்கள் இருக்கினம். பத்திரிகையில் ஒரு திகதியும் வாக்குமூலத்தில் வேறொரு திகதியும் இருந்தால் அதையும் கேட்பார்கள்.

ஒரு எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். விடுதலைப் புலிகள் இயக்கம் இங்கே 2001இலிருந்து தடைசெய்யப்பட்டுள்ளது. தடைசெய்யப்பட்ட அமைப்புக்கு ஆதரவு திரட்டுவதும், ஆதரவு என்று சந்தேகம் எழும் வகையில் அதன் சின்னத்தைக் காட்டுவதும் பயங்கரவாதச் சட்டத்தின் கீழ் குற்றமாகலாம். அரசை விமர்சிப்பது குற்றம் இல்லை, இறந்தவர்களுக்கு விளக்கேற்றுவதும் குற்றம் இல்லை. பேஸ்புக்கில் படம் போடுவதற்கு முன் இந்த வித்தியாசத்தை ஒருதரம் யோசியுங்கோ.

இந்த நாட்டுப் பத்திரிகைகள் உங்களைப் பற்றி எழுதுவதைப் பார்த்து மனம் நொந்து வருகிறவர்களும் உண்டு. கடுமையாக எழுத அவர்களுக்குச் சுதந்திரம் இருக்கிறது, பிழையாக எழுத இல்லை. 'சட்டவிரோதத் தஞ்சக் கோரிக்கையாளர்' என்ற சொல்லே பிழை என்று அன்றைய பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு 2003இலேயே ஆசிரியர்களுக்கு அறிவுறுத்தியது. தஞ்சம் கேட்பது சட்டபூர்வமான செயல். 2014இலிருந்து இயங்கும் இப்சோ என்ற அமைப்பிடம், அதில் சேர்ந்துள்ள பத்திரிகைகளைப் பற்றி நீங்களும் முறைப்பாடு செய்யலாம். அது உங்கட கோரிக்கையைப் பாதிக்காது.

வாசிக்கிறவர்களில் நிருபராகவோ, படப்பிடிப்பாளராகவோ, பத்திரிகை விநியோகத்திலோ இருந்தவர்கள் இருந்தால் அதைச் சின்ன வேலை என்று சொல்லாமல் விட வேண்டாம். 2013இல் மேல் தீர்ப்பாயம் கொடுத்த ஜி.ஜே. வழக்கின் வழிகாட்டலில், அரசை விமர்சித்த பத்திரிகையாளர்களும் அப்படியான வெளியீடுகளோடு தொடர்புபட்டவர்களும் ஆபத்துள்ள பிரிவினராகக் குறிப்பிடப்பட்டார்கள். 2021இல் வந்த இன்னொரு தீர்ப்பு அந்த வழிகாட்டலை மேலும் விளக்கியது. உங்கள் நிலைமைக்கு இவை எப்படிப் பொருந்தும் என்பதைச் சட்டத்தரணிதான் சொல்ல வேண்டும். எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பும் நியூயோர்க்கிலுள்ள பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழுவும் நாட்டை விட்டு வந்த பத்திரிகையாளர்களுக்கு உதவுகின்றன. சந்திக்க வரும்போது பத்திரிகை அடையாள அட்டை, உங்கள் பெயரில் வந்த செய்திகள், ஆசிரியரின் கடிதம், சம்பளத் துண்டு என்று எது இருந்தாலும் கொண்டு வாங்கோ. ஒன்றும் இல்லை என்றால், எந்தப் பத்திரிகை, எந்த வருடங்கள், செய்தியை யாரிடம் எப்படிக் கொடுத்தீர்கள் என்பதையாவது ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வாங்கோ.