ஒரு டிக் போதுமா, பல டிக் வேண்டுமா?

தாம்பரம் பக்கம் 40 வீடுகள் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு என்று வைத்துக்கொள்வோம். கோடை நெருங்குகிறது. அசோசியேஷன் செயலாளர் வாட்ஸ்அப் குழுவில் கருத்துக் கேட்கிறார்: 'தண்ணீருக்கு என்ன வழி? லாரியா, புது போர்வெல்லா, மழைநீர் சேகரிப்பா?'

ஒரு வீட்டுக்கு ஒரே டிக் என்றால்? லாரி 16, போர்வெல் 13, மழைநீர் 11. லாரி ஜெயித்தது, மெயின்டனன்ஸ் கட்டணமும் ஏறும். ஆனால், 24 வீடுகள் லாரியைக் கேட்கவே இல்லையே! அவர்கள் ஓட்டு இரண்டாகப் பிரிந்ததுதான் காரணம்.

அதே கேள்விக்குப் 'பிடித்த எல்லாவற்றுக்கும் டிக் போடலாம்' என்றால்? போர்வெல் கேட்ட 13 பேரும் மழைநீருக்கும் சரி என்கிறார்கள். மழைநீர் கேட்டவர்களில் 5 பேர் போர்வெல்லுக்கும் சம்மதிக்கிறார்கள். இப்போது மழைநீர் 24, போர்வெல் 18, லாரி 16. கடைசியில் இருந்தது முதலிடத்துக்கு வந்துவிட்டது! மனிதர்கள் மாறவில்லை, கேட்ட விதம்தான் மாறியது.

தேர்தலில் எப்படி? 2022 பிப்ரவரியில் தாம்பரம் மாநகராட்சியின் முதல் தேர்தலில், 70 வார்டுகளிலும் வாக்காளருக்கு ஒரே ஓட்டு, கவுன்சிலருக்கு மட்டும். பக்கத்து முடிச்சூர் போன்ற ஊராட்சிகளில் 2021 அக்டோபரில் ஒருவருக்கு நான்கு ஓட்டு: வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றிய கவுன்சிலர், மாவட்ட கவுன்சிலர். ஆனால், அவை நான்கும் தனித்தனிக் கேள்விகள். ஒரே சீட்டில் இருவருக்கு முத்திரை குத்தினால் அது செல்லாத ஓட்டு.

1952, 1957 தேர்தல்களில் சில தொகுதிகளுக்கு இரண்டு உறுப்பினர்கள். அங்கே வாக்காளருக்கும் இரண்டு ஓட்டு. இரண்டையும் ஒருவருக்கே போட முடியாது. 1961-ல் அந்த முறை ஒழிக்கப்பட்டது.

அப்படியானால், எப்போது எது சரி? பிறந்த ஆண்டு, வாடகை வீடா சொந்த வீடா போன்றவற்றுக்கு ஒரே பதில்தான் இருக்கும். அங்கே ஒரு டிக் போதும். 'வேலைக்கு எதில் போகிறீர்கள்?' என்றால் பல டிக் வேண்டும். பல்லாவரம்வாசி ஷேர் ஆட்டோ, மின்சார ரயில் இரண்டிலும் ஏறுவாரே! பல டிக் முடிவில் சதவிகிதங்களைக் கூட்டினால் 100-ஐத் தாண்டும். மேலே சொன்ன தண்ணீர்க் கணக்கில் 145! அது தவறல்ல.

வாட்ஸ்அப் கருத்துக்கணிப்பில் பல பதில்களை அனுமதிக்க ஒரு சுவிட்ச் உண்டு. அடுத்த முறை கேள்வியை அனுப்பும் முன் அதை ஒரு தரம் பாருங்கள். உங்கள் குடியிருப்பின் தண்ணீர் பில் அதில்கூட இருக்கலாம்!