நனைந்த நெல் முளைக்கிறது, அரிசி முளைப்பதில்லை: ஏன்?



2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை நெல்லைச் சீமை மறக்காது. தாமிரபரணி கரைபுரண்டு கடைவீதிக்குள்ளேயே வந்தது. சிற்றாற்றங்கரையில் இருக்கும் கங்கைகொண்டான்காரர்களாகிய நமக்கும் வெள்ளம் புதிதல்ல.

கிட்டங்கியில் நனைந்த நெல்லும் கேழ்வரகும் இரண்டு மூன்று நாளில் முளைவிடும். பக்கத்தில் நனைந்து கிடக்கும் அரிசி மூட்டை நாறுமே தவிர முளைக்காது. இதன் காரணத்தை வியாபாரி தெரிந்துகொள்வது நல்லது.

தானியமணியே ஒரு சிறு கிட்டங்கி. உள்ளே மாவுச்சத்து இருப்பு. முனையிலுள்ள முளைக்கரு முதலாளி. மாவைச் சுற்றித் தவிட்டோடு ஒட்டிய மெல்லிய படலம் வேலையாள். தண்ணீர் பட்டதும் கரு, ஜிபெரலின் என்ற ஹார்மோனை அனுப்புகிறது. இந்தச் சீட்டு கிடைத்ததும் படலம் அமைலேஸ் என்னும் நொதியை வெளிவிடுகிறது. நொதி மாவைச் சர்க்கரையாக உடைக்கிறது. முளை அதை உண்டு வளர்கிறது. அப்சிசிக் அமிலம் என்ற இன்னொரு ஹார்மோன் 'பொறு' என்று இதைத் தடுக்கும்.

நாற்று அளவுமீறி நெட்டையாக வளரும் நெற்பயிர் நோய்க்குப் பூஞ்சை சுரக்கும் பொருளே காரணம் என்று 1926-இல் ஜப்பானிய அறிஞர் குரோசாவா காட்டினார். அதுவே ஜிபெரலின். 1960-இல் ஆஸ்திரேலியாவில் பேலக், ஜப்பானில் யோமோ இருவரும் தனித்தனியே பார்லியை ஆராய்ந்தார்கள். கரு நீக்கிய மணியில் மாவு கரையவில்லை. ஜிபெரலின் சேர்த்ததும் கரைந்தது.

அரிசியின் மர்மமும் இதுதான். ஆலையில் தீட்டும்போது கருவும் தவிடும் போய்விடுகின்றன. சீட்டு எழுத முதலாளியும் இல்லை, வாங்க வேலையாளும் இல்லை. புழுங்கல் என்றால் நெல்லை அவிக்கும்போதே கரு செத்துவிடும்.

முளைகட்டிய கேழ்வரகு மாவுக்கு விலை கிடைப்பதும் இந்த நொதியால்தான். அதில் காய்ச்சிய கஞ்சி கெட்டியாகாது, இனிக்கும், குழந்தைக்கு எளிதில் செரிக்கும். ஆனால் அது சுத்தமான நீரில் ஊறவைத்து, பக்குவம் பார்த்து உலர்த்தியது. வெள்ளத்தில் முளைத்ததில் அழுக்கும் பூஞ்சையும் சேர்ந்திருக்கும். அதை உணவுக்கு விற்கலாகாது.

மழையில் முளைகண்ட கோதுமையை எவ்வளவு காயவைத்தாலும் பழைய கோதுமை ஆகாது. உள்ளே தங்கிய நொதி, மாவைப் பிசையும்போது மறுபடி வேலை செய்யும். மாவு பிசுபிசுக்கும், ரொட்டி நடுவில் களியாக நிற்கும். நல்ல சரக்கோடு அதைக் கலந்தால் மொத்தச் சரக்கின் தரமும் இறங்கும், கடையின் பெயரும் இறங்கும்.

ஆகவே கொள்முதலின்போது கருமுனை உப்பியிருக்கிறதா என்று கையில் எடுத்துப் பாருங்கள். இருப்பு வைக்கும் நெல்லில் ஈரப்பதம் 14 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம். மூட்டைகளை மரச்சட்டத்தின்மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். முதலாளி சீட்டு எழுதிவிட்டால் திரும்பப் பெற வழியில்லை. எழுதும் முன் ஈரத்தைத் தடுப்பதே நம் கையில் இருக்கிறது.