காவல் நாயின் மெலிவும் ரோமக்கேடும்

பட்டிக்கும் களத்திற்கும் காவலாயுள்ள நாய், வேண்டியமட்டும் தின்றும் விலா தெரிய மெலிந்து, ரோமம் பளபளப்பற்று நிற்குமாயின், தீனியை அதிகப்படுத்துவதால் மட்டும் பயன் விளையாது. ரோமத்தில் எண்ணெய் பூசுவதும் கண்ணுக்கு மினுக்கேயன்றி மருந்தன்று. உதட்டை விலக்கி ஈறைப் பார்க்கவேண்டும். அது வெளுத்தும், மலம் தார்போற் கறுத்தும் இருப்பின், கொக்கிப்புழுக்கள் குடலைப் பற்றி இரத்தம் உறிஞ்சுவதாகச் சந்தேகிக்கலாம். உண்ணியால் வரும் காய்ச்சலிலும் ஈறு வெளுக்குமாதலால், கால்நடை வைத்தியரிடம் மலத்தைச் சோதிப்பித்தல் நலம்.

இப்புழுவின் முட்டைகள் ஈரமண்ணிற் பொரித்து, இளம்புழுக்கள் நாயின் தோலைத் துளைத்தும் உட்புகும். வெறுங்காலோடு அங்கே திரியும் சிறுவர்க்கும் தோலில் நெளிவரியாய் அரிப்புண்டாகும். ஆதலின் மலத்தை அன்றாடம் அகற்றி, படுக்குமிடத்தை உலர்வாய் வைக்கவேண்டும்.

தாய்ப்பால் வழியே புழு ஏறிய குட்டி, மலத்தில் முட்டை காணுமுன்னரே மடிவதுண்டு. எனவே சோதனைக்குக் காத்திராமல், பிறந்த 2-வது வாரந்தொட்டு 8-வது வாரம் வரை, 2 வாரத்திற்கொருமுறை, எடைக்குத்தக்க பைரண்டெல் மருந்தை வைத்தியர் சொற்படி குட்டிகளுக்கும் தாய்க்கும் கொடுத்துவரல் வேண்டும்.