பாலைவனத்துக் காயலான் கடை

'ஹோம்வேர்ல்ட்: டெசர்ட்ஸ் ஆஃப் காரக்' என்ற வியூக விளையாட்டு 2016 ஜனவரியில் வெளிவந்தது. கதை நடப்பது ஒரு பாலைவனக் கிரகத்தில். மணலில் புதைந்து கிடக்கும் உடைந்த கப்பல்களை வெடிவைத்துப் பிளக்க வேண்டும். சிதறுவதை அள்ளிவந்தால்தான் புது வண்டி செய்யலாம், பழைய வண்டிக்குத் தெம்பு கூட்டலாம். அள்ளத் தெரியாதவன் தோற்றான்.

எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் இதை விளையாடும்போது எனக்கு ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாதான் ஞாபகத்துக்கு வரும். சென்னைப் புதுப்பேட்டையைப் பார்த்தவர்கள் அதைப் பல மடங்கு பெருக்கிக்கொள்ளலாம். கதவு, பம்பர், கியர்பாக்ஸ், முழு இன்ஜின் என்று கடை கடையாக அடுக்கியிருப்பார்கள். உள்ளூரில் விபத்தான வண்டி, அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனம் கைகழுவிய வண்டி, ஜப்பானில் கழித்த வண்டி எல்லாம் இங்கே வந்து பிரிகின்றன. பாகங்கள் ஆப்பிரிக்கா வரைக்கும் போகின்றன. ஒரு வண்டி செத்தால் பத்து வண்டி பிழைக்கும். குப்பை என்று ஒதுக்காத இந்தப் புத்தியை நான் மதிக்கிறேன்.

ஆனால் விளையாட்டில் ஒரு வசதி இருக்கிறது. அள்ளிய பாகம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. பட்டனைத் தட்டினால் வண்டி பலமாகிவிடும். நிஜத்தில் அந்தக் கேள்விதான் உயிர்.

2024 ஏப்ரல் 16 மழையை அமீரகவாசிகள் மறந்திருக்க மாட்டோம். 1949-இல் பதிவு தொடங்கியதிலிருந்து அப்படியொரு மழை இல்லை. அல் ஐன் பகுதியில் கத்ம் அல் ஷக்லாவில் ஒரு நாளுக்குள் 254.8 மில்லிமீட்டர் கொட்டியது. எத்தனையோ கார்கள் மூழ்கின. தேர்ட் பார்ட்டி காப்பீடு மட்டும் வைத்திருந்தவர்களுக்குச் சொந்த வண்டிக்கு ஒன்றும் கிடைக்காது. நனைந்த வண்டியைக் கழுவி, பாலிஷ் போட்டு யாராவது விற்றால், வாங்குபவர் பெரும்பாலும் நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர்தான்.

"வண்டி சூப்பரா இருக்குண்ணே, ஒரே ஓனர்" என்பார்கள். நம்புங்கள், ஆனால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை அங்கேதான் ஒளிந்திருக்கும். சீட்டுக்கு அடியில் போல்ட் துருப்பிடித்திருக்கிறதா, தரை விரிப்பு நாறுகிறதா என்று கவனியுங்கள். பழைய கதவு வாங்கலாம், கண்ணாடி வாங்கலாம். வேறு வண்டியில் கழற்றிய ஏர்பேக் மட்டும் வேண்டாம். அது வேலை செய்யுமா என்பது மோதும்போதுதான் தெரியும்.

விளையாட்டு மறைக்கும் இன்னொன்று, ஆள். அதில் அள்ளும் வண்டிக்கு வியர்க்காது. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில், நேர் வெயிலில் வேலை வாங்கக் கூடாது. நல்ல விதி. ஆனால் தகரக் கூரைக்குக் கீழே இன்ஜின் பிரிப்பவருக்கும் அனல் அதே அனல்தான். கிழிந்த தகட்டில் கை வைப்பவர் அவர். எந்தப் பாகம் தேறும், எது தேறாது என்று தொட்டதுமே சொல்பவரும் அவர்தான்.

பழுதைப் பயனாக்குவது பெரிய கலை. எங்கிருந்து கழற்றியது என்று விற்பவர் எழுதிக் கொடுத்து, கழற்றும் கைக்கு நல்ல கையுறையும் மின்விசிறியும் முதலாளி கொடுத்தால், அந்தக் கலை கௌரவமான தொழிலாகவும் இருக்கும். பேரம் பேசும்போது விலையோடு அந்தச் சீட்டையும் கேட்போம். நாம் கேட்காத வரை யாரும் எழுதித் தரப்போவதில்லை.