ஃபயர்வாலை ஆஃப் பண்ணச் சொன்னால் பண்ணிடலாமா?

வீட்டில் நெட் வரவில்லை. பிராட்பேண்ட் நிறுவனத்தின் கஸ்டமர் கேருக்குப் போன் போடுறீங்க. ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணியும் சரியாகவில்லை என்றால், சில நேரம் "ஃபயர்வாலை ஆஃப் பண்ணிப் பாருங்க" என்பார்கள். நாமும் பண்ணிவிடுவோம். நெட் வந்த சந்தோஷத்தில் திரும்ப ஆன் பண்ண மறந்துவிடுவோம். ஆபத்து அங்கேதான்.

ஃபயர்வால் என்ன செய்கிறது?

வீட்டு வாசல் கேட் மாதிரிதான். நீங்கள் கேட்ட பக்கமும் வீடியோவும் உள்ளே வரும்; கேட்காமல் வெளியிலிருந்து நுழையப் பார்க்கும் இணைப்புகளைத் தடுத்துவிடும். பொதுவாக ரவுட்டரில் ஒன்று, கம்ப்யூட்டரில் ஒன்று இருக்கும்.

ஏன் ஆஃப் பண்ணச் சொல்கிறார்கள்?

கோளாறு எங்கே இருக்கு என்று பிரித்துப் பார்க்கத்தான். சோதனைக்காக ஓரிரு நிமிடம் பரவாயில்லை. ஆனால் அவர்கள் கவனம் லைன் மேல். உங்கள் போன், கேமரா, கம்ப்யூட்டரின் பாதுகாப்பு உங்கள் பொறுப்பு. அதனால் ஆன் பண்ணிட்டுத்தான் போனை வைக்கணும். ஃபயர்வால்தான் காரணம் என்று தெரிந்தாலும், தேவையான செயலிக்கு மட்டும் அனுமதி கொடுங்கள், மொத்தமாக அணைக்காதீங்க.

பழுது தீரவில்லையா? புகார் எண் வாங்கி வைங்க. பதில் திருப்தி தரவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம்.

கேட் இருந்தால் போதுமா?

பூட்டும் வேணும். 2016-ல் பரவிய 'மிராய்' என்ற வைரஸ், கம்பெனி போட்டுத் தந்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது. அவற்றை வைத்தே அந்த அக்டோபரில் அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களைத் தடுமாற வைத்தார்கள்.

இன்றைக்கே செய்யுங்க

1. ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்ட் வேறு, இது வேறு. தெரியாவிட்டால் நிறுவனத்திடம் கேளுங்கள்.

2. ரவுட்டர் செட்டிங்ஸில் ஃபயர்வால் 'ஆன்' என்று இருக்கா பாருங்கள்.

3. ரவுட்டர், போன், கேமரா அப்டேட்டைத் தள்ளிப்போடாதீங்க.

4. வைரஸ் சந்தேகமா? மத்திய அரசின் 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' இணையதளத்தில் அதை நீக்கும் மென்பொருள்கள் இலவசம்.

5. "கஸ்டமர் கேர்" என்று தானாகவே அழைத்து, ஏதாவது ஆப் போடச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள். நிறுவனத்தின் எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள்.

பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.